கதை சொல்லும் உருவப்படங்கள்: ஓர் ஓவியரிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆட்களை வரைவது என் தொழில். படம் பார்க்க வருகிறவர்கள், படத்துக்காக உட்கார வருகிறவர்கள், வரையக் கற்றுக்கொள்கிறவர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன். பதில்கள் ஒரே நீளத்தில் இருக்காது. சில கேள்விகளுக்கு என்னிடம் நாலு வரிதான் இருக்கிறது.

ஆள் அச்சு அசலாக இருந்தால் போதாதா? அதில் கதை எதற்கு?

போதும் என்று நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. சாயலைப் பிடிப்பதே லேசுப்பட்ட வேலையில்லை. ஆனால் கை பழகிவிட்டால் சாயல் வந்துவிடும். இரண்டு கண்ணுக்கும் நடுவே எவ்வளவு இடம், மூக்கின் அடியிலிருந்து மேலுதடு வரை எவ்வளவு தூரம், காது எந்த உயரத்தில் ஆரம்பிக்கிறது என்பதெல்லாம் அளவு. பொறுமையாக அளந்தால் கிடைக்கும். அந்த ஆளைத் தெரிந்தவர்கள் "அட, அவரேதான்!" என்பார்கள். தெரியாதவர்கள் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுவார்கள். அவர்களையும் கொஞ்ச நேரம் நிற்கவைக்க வேண்டும் என்பது என் ஆசை. முன்பின் அறியாத ஒருவரின் முகத்துக்கு முன்னால் நின்று "இவருக்கு என்ன ஆச்சு?" என்று யாராவது முணுமுணுத்தால் எனக்கு அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. உண்மையில் அதுதான் முதல் காரணம். யாராக இருந்தாலும் வந்து உட்கார்ந்ததும் ஒரு முகத்தை மாட்டிக்கொள்வார்கள். போட்டோவுக்குக் கொடுத்துக் கொடுத்துப் பழகிய முகம். அதை இருபது நிமிஷத்துக்கு மேல் தூக்கிப் பிடிக்க யாராலும் முடியாது. தாடை இளகும், தோள் இறங்கும், கண் எங்கேயோ போய் நிற்கும். எதிரே ஒருத்தன் பிரஷ்ஷோடு நிற்கிறான் என்பதே மறந்துபோகும். அப்போது வருகிற அந்த இரண்டாவது முகத்தைப் பார்க்கத்தான் நான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதைப் பார்த்தபிறகு முதல் முகத்தை மட்டும் வரைந்து அனுப்ப மனசு வராது.

"கதை சொல்லும் உருவப்படம்" என்று எதைச் சொல்கிறீர்கள்?

படத்தில் இருப்பது ஒரு கணம். அதற்கு முன்னால் ஏதோ நடந்திருக்கிறது, இனிமேல் ஏதோ நடக்கப்போகிறது என்று பார்ப்பவருக்குத் தோன்ற வேண்டும். என் வரையறை அவ்வளவுதான்.

ஹான்ஸ் ஹோல்பைன் 1532-ல் வரைந்த ஜார்ஜ் கீஸே படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். லண்டனில் தொழில் செய்த ஜெர்மானிய வணிகர் அவர், வயது 34. மேஜைமேல் முத்திரை, நாணயங்கள், எழுதுகோல். பின்னால் பலகைச் சுவரில் செருகிவைத்த கடிதங்கள், தொங்கும் தராசு. கையில் ஒரு கடிதம், இப்போதுதான் பிரிக்கிறார். இத்தனை கணக்கு வழக்குக்கும் நடுவே ஒரு கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி கார்னேஷன் பூ வைத்திருக்கிறது. அந்தக் காலத்தில் அந்தப் பூ நிச்சயதார்த்தத்தின் அடையாளம். தராசுக்குப் பக்கத்தில் பூ எப்படி வந்தது என்று யோசிக்கத் தொடங்கினால் கதை தானாக ஓடும். துக்கம் கலக்காத இன்பம் இல்லை என்ற பொருளில் சுவரில் ஒரு லத்தீன் வாசகம் வேறு. ஊரை விட்டு வெகு தூரத்தில், கடைக்குள் உட்கார்ந்துகொண்டு, கல்யாணத்தை நினைத்துக் கொஞ்சம் பயந்துபோயிருக்கிற மனிதர் என்று நான் படிக்கிறேன்.

இதற்கு நேர் எதிராக வெலாஸ்கெஸ் 1650-ல் ரோமில் வரைந்த ஹுவான் டே பரேஹா. பரேஹா அவருடைய பட்டறையில் வேலை செய்த அடிமை. படத்தில் பொருள் என்று எதுவும் கிடையாது. மங்கலான சாம்பல் பின்னணி, வெள்ளைக் கழுத்துப்பட்டை, உடம்புக்குக் குறுக்கே மடக்கிய கை. ஆனால் அந்தப் பார்வை யாருக்கும் அடங்கின பார்வையாகத் தெரியாது. அதே ஆண்டின் கடைசியில் வெலாஸ்கெஸ் அவருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார். பிற்பாடு பரேஹா தாமே ஓவியரானார். இந்த விவரம் ஒன்றும் தெரியாமல் பார்க்கிறவரும் அந்தப் படத்தைச் சட்டென்று தாண்டிப் போகமாட்டார்.

இரண்டில் எது உசத்தி என்று கேட்டால் எனக்கு இரண்டாவது. சாமான்களை அடுக்கிக் கதை சொல்வதற்குக் கெட்டிக்காரத்தனம் போதும். ஒருவர் தோளை வைத்துக்கொள்ளும் விதத்தில் கதை சொல்ல, அந்த ஆளை உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

மூன்றாவது வழி ஒன்று உண்டு, படத்தின் எல்லைக்கு வெளியே ஆளை நிறுத்துவது. ரவி வர்மா 1893-ல் வரைந்த "அதோ அப்பா வருகிறார்" படத்தில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் ஒரு பக்கமாகக் கை காட்டுகிறாள். அப்பா படத்தில் இல்லவே இல்லை. ஆனால் படம் முழுக்க அவர் வரவைச் சுற்றித்தான் நிற்கிறது. அந்தப் பெண் ரவி வர்மாவின் மகள், குழந்தை பேரன். வீட்டு ஆட்களின் உருவப்படமாகவே நின்றிருக்கக்கூடிய ஒன்றை ஒரு விரல் கதையாக்கிவிட்டது.

யாரை வரைவது என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

அழகை வைத்துத் தேர்ந்தெடுப்பதில்லை. ரொம்பத் திருத்தமான முகம் எனக்குக் கொஞ்சம் சிரமம்கூட. உடம்பில் ஏதாவது ஒரு பழக்கம் ஊறிப்போயிருக்கிறவர்கள்தான் என்னை இழுப்பார்கள். நான் வரைந்த தையல்காரர் ஒருவரின் உதடு எப்போதும் ஒரு பக்கமாக இறுகியிருக்கும். காலமெல்லாம் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு பேசிப் பழகியவர். ஊசி இல்லாதபோதும் உதடு அதைக் கவ்விக்கொண்டேயிருந்தது. அதைப் பார்த்த உடனே, உட்கார முடியுமா என்று கேட்டுவிட்டேன்.

முகத்தைவிடக் கைகளுக்கு அதிக நேரம் எடுத்துக்கொள்கிறீர்களே?

முகத்தை அடக்கிவைக்க எல்லோருக்கும் தெரியும். கையை அடக்க மறந்துவிடுவார்கள்.

ரெம்ப்ராண்ட் 63 வயதில், 1669-ல் தன்னை வரைந்த படம் ஒன்று லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இருக்கிறது. அதே ஆண்டில் இறந்துபோனார். அந்தப் படத்தை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, முதலில் கையில் பிரஷ் பிடித்திருப்பதுபோல வரைந்திருந்தார் என்று தெரிந்தது. அப்புறம் பிரஷ்ஷை எடுத்துவிட்டு, இரண்டு கையையும் கோத்து வைத்துவிட்டார். முகத்தை விட்டுவிடுங்கள், இந்த ஒரு மாற்றத்தை மட்டும் யோசித்துப் பாருங்கள். பிரஷ் இருந்தால் அது வேலை செய்கிற ஓவியரின் படம். இல்லாதபோது ஒரு வயதான மனிதர் சும்மா உட்கார்ந்திருக்கிறார். ஓவியர் என்ற அடையாளத்தைத் தானே எடுத்துக் கீழே வைத்தமாதிரி எனக்குப் படுகிறது. வேறு காரணமும் இருந்திருக்கலாம், கை சரியாக அமையவில்லை என்று மாற்றியிருப்பார் என்பவர்களும் உண்டு. ஒரு படத்தில் கை எந்த அளவுக்குப் பேசும் என்பதற்கு எனக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்கவில்லை.

என்னிடம் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு செவிலியர் உட்கார்ந்தார். நேரம் என்ன ஆயிற்று என்று சும்மா கேட்டேன். சுவரில் கடிகாரம் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை. குனிந்து தன் இடது மார்புப் பக்கம் பார்த்தார். பணியில் இருந்தவரை அங்கேதான் சின்னக் கடிகாரத்தைக் குத்தியிருந்தாராம். குனிகிறபோதே வலது கையின் இரண்டு விரல் இடது மணிக்கட்டுக்குப் போய்விட்டது, நாடி பார்க்கிறமாதிரி. அந்தக் குனிவையும் அந்த இரண்டு விரலையும்தான் வரைந்தேன். சீருடையோ தொப்பியோ படத்தில் இல்லை.

உட்காருகிறவரிடம் என்ன பேசுவீர்கள்?

"உங்கள் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்கவே மாட்டேன். கேட்டால் மேடைப் பேச்சு வரும். பிறந்தது, படித்தது, பட்ட கஷ்டம், பெற்ற பரிசு என்று வரிசையாகச் சொல்லிவிட்டு முகத்தை மறுபடி மாட்டிக்கொள்வார்கள். நான் கேட்பது சில்லறை விஷயங்கள். காலையில் எழுந்ததும் முதலில் எந்த ஜன்னலைத் திறப்பீர்கள்? சாவியை எந்தக் கையில் வைத்துக்கொள்வீர்கள்? வேலையில் புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் எதைச் சொல்லிக் கொடுப்பீர்கள்? இந்தக் கடைசிக் கேள்வி பொய்த்ததே இல்லை. சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தால் கை எழுந்துவிடும், முதுகு நிமிர்ந்துவிடும், நான் அங்கே இருப்பதே மறந்துவிடும். பேசும்போது வேகமாக ஸ்கெட்ச் போட்டுக்கொள்வேன். ஆயில் பெயின்ட் வேலை எல்லாம் பேச்சு ஓய்ந்தபிறகு.

போட்டோவைப் பார்த்து வரைவீர்களா?

துணைக்கு வைத்துக்கொள்வேன். சட்டையின் மடிப்பு, நாற்காலியின் கால் மாதிரி அசையாத விஷயங்களுக்கு அது உதவும். முகத்துக்கு அதை நம்புவதில்லை. கேமரா ஒரு நொடியின் சின்னத் துண்டை எடுத்துத் தருகிறது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஆள் இரண்டு மணி நேரத்தில் பத்து விதமாக மாறுகிறார், படத்தில் வருவது அந்தப் பத்தும் கலந்த ஒன்று. தவிர, கிட்ட நின்று எடுத்தால் மூக்கு பெரிதாகிவிடும். நிழல் பகுதி கறுத்துப்போய், அங்கே என்ன நிறம் இருந்தது என்பதே தெரியாது. என் படங்களில் பாதி விஷயம் நிழலுக்குள்தான் நடக்கும்.

ஆளை எதிரே வைத்துக்கொண்டால் எல்லாம் கிடைத்துவிடும் என்றும் சொல்ல முடியாது. பிக்காசோ 1905-ல் எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனை வரையத் தொடங்கினார். எண்பது தொண்ணூறு தடவை உட்கார்ந்ததாக ஸ்டைனே சொல்லியிருக்கிறார். 1906 வசந்தத்தில் பிக்காசோ அந்த முகத்தை மட்டும் அழித்துவிட்டு ஸ்பெயினுக்குப் போய்விட்டார். திரும்பி வந்ததும், ஸ்டைன் எதிரே இல்லாமலேயே முகத்தை வரைந்து முடித்தார். பார்க்கப் பார்க்க ஆள் மறைந்துபோவது எல்லா ஓவியருக்கும் நடக்கும். அப்போது கொஞ்ச நாள் கேன்வாஸைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிடுவேன்.

படத்தில் என்னென்ன பொருட்களை வைக்கலாம்?

முடிந்தவரை ஒன்று. அதுவும் அவர் தினமும் தொடுகிற ஒன்று. புத்தகம், பூ, ஜன்னல், கடிதம், பூனை என்று எல்லாவற்றையும் அடுக்கினால் பார்ப்பவர் விடுகதை போட்டுப் பார்ப்பதுபோலப் பொருட்களை எண்ண ஆரம்பித்துவிடுவார், ஆளை விட்டுவிடுவார். ஹோல்பைனால் முடிந்தது, அவர் ஹோல்பைன்.

பொருள் மட்டுமே இருந்து, ஆளே இல்லாமலும் உருவப்படம் நிற்கும். வான் கோ 1888-ல் இரண்டு நாற்காலிகளை வரைந்தார். தன்னுடையது வைக்கோல் இருக்கை போட்ட சாதாரண மர நாற்காலி, மேலே புகைக்குழாயும் புகையிலையும். நண்பர் கோகானுடையது கைப்பிடி வைத்தது, மேலே எரிகிற மெழுகுவத்தியும் நாவல்களும். இருவருக்கும் ஒத்துப்போகாமல் அந்த டிசம்பரிலேயே பிரிந்துவிட்டார்கள். இரண்டு நாற்காலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஏன் ஒத்துப்போகவில்லை என்பது ஓரளவு புரியும்.

ஒருவர் நம்பிச் சொன்ன ரகசியத்தைப் படத்தில் வைப்பீர்களா?

மாட்டேன். இதில் எனக்கு இரண்டாவது யோசனை கிடையாது. உட்காருகிறவர்கள் பேசிக்கொண்டே போவார்கள்; அசையாமல் நேராகப் பார்த்துக்கொண்டு உட்காரும்போது மனசில் கிடப்பதெல்லாம் மேலே வரும். அவர்கள் சொன்னதால் தெரிந்தது வேறு, உட்கார்ந்திருக்கும் விதத்திலேயே எனக்குத் தெரிந்தது வேறு. இரண்டாவதை மட்டும்தான் வரைவேன். அதையும் பாதியில் கூப்பிட்டுக் காட்டிவிடுவேன். வேண்டாம் என்றால் மாற்றுவேன்.

சார்ஜென்ட் 1884-ல் பாரிஸில் காட்சிக்கு வைத்த "மேடம் எக்ஸ்" படத்தில் முதலில் உடையின் ஒரு தோள்பட்டி நழுவிக் கிடந்தது. பெரிய களேபரமாகிவிட்டது. பிறகு பட்டியைத் தோள்மேல் ஏற்றித் திருத்தி வரைந்தார். ஓவியருக்கு அது பிற்காலத்தில் புகழாகிவிட்டது. ஏச்சு வாங்கியதில் பெரும்பங்கு உட்கார்ந்த பெண்மணிக்கு. பெயரைச் சொல்லாவிட்டாலும் ஊருக்கு ஆள் தெரியும். ஒரு துணிப்பட்டையே அத்தனை தூரம் கதை பேசும் என்றால், நாம் எதை நழுவ விடுகிறோம் என்று பார்த்துத்தான் விட வேண்டும்.

படம் பிடிக்கவில்லை என்று அவரே சொன்னால்?

சொல்வார்கள். பெரும்பாலும் "நான் இவ்வளவு களைப்பாகவா இருக்கிறேன்?" என்பார்கள். கொஞ்ச நாள் விட்டுவிட்டுத் திரும்பப் பார்க்கச் சொல்வேன். பாதிப் பேர் சமாதானமாகிவிடுவார்கள். மீதிப் பேரின் படம் என்னோடு இருந்துவிடும், காசு வாங்குவதில்லை.

பெரிய மனிதர்களுக்கும் இதே கதைதான். அப்போதைய பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலின் 80-வது பிறந்தநாளுக்காக 1954-ல் பிரிட்டன் நாடாளுமன்றத்தார் கிரஹாம் சதர்லண்டை வரையச் சொன்னார்கள். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு கனத்துப்போய் உட்கார்ந்திருக்கும் கிழவரை அவர் வரைந்தார். சர்ச்சிலுக்கு அறவே பிடிக்கவில்லை. பிற்பாடு அவர் மனைவி அந்தப் படத்தை அழிக்கச் செய்துவிட்டார். இப்போது இருப்பது முன்வரைவுகளும் போட்டோக்களும்தான். எனக்கு இதில் இரண்டு பக்கமும் நியாயம் தெரிகிறது. சதர்லண்ட் கண்ணால் கண்டதை வரைந்தார். ஆனால் பிறந்தநாள் பரிசு என்று கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் திறந்து காட்ட வேண்டிய படமா அது என்று கேட்டால், எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது.

பார்ப்பவர் நீங்கள் நினைக்காத கதையைப் படித்தால்?

படிக்கட்டும். அந்தச் செவிலியர் படத்தைப் பார்த்த ஒருவர், பிரார்த்தனை செய்கிற பெண் என்றார். இன்னொருவர், கை வளையல் தொலைந்துவிட்டதோ என்று கேட்டார். ஒரே ஒருவர் மட்டும் சிரித்துவிட்டு, "எத்தனை வருஷ சர்வீஸ்?" என்றார். அவரும் செவிலியர். நான் யாரையும் திருத்தவில்லை.

ஆண்ட்ரூ வயத் 1948-ல் வரைந்த "கிறிஸ்டினாவின் உலகம்" படத்தை வெறுமனே பார்த்தால், புல்வெளியில் சாய்ந்து தூரத்து வீட்டைப் பார்க்கிற இளம்பெண் என்று தோன்றும். முதுகுதான் தெரியும், முகம் தெரியாது. உண்மையில் அது அவருடைய அண்டைவீட்டுக்காரர் அன்னா கிறிஸ்டினா ஓல்சன். அப்போது 55 வயது. நடக்க முடியாதவர், சக்கர நாற்காலி வேண்டாம் என்று தரையில் கையை ஊன்றித் தவழ்ந்தே எங்கும் போனவர். உடம்புக்கு வயத் தன் மனைவியை உட்காரவைத்து வரைந்தார். இது தெரிந்தபிறகு அந்த மெலிந்த கைகள் புல்லில் அழுந்தியிருப்பது வேறு மாதிரித் தெரியும், வீடு இன்னும் தள்ளிப்போய்விடும். ஆனால் முதலில் பார்த்த கதையும் பொய்யாகிவிடாது. ஏங்கிப் பார்க்கிற ஒரு முதுகு, அது இரண்டுக்கும் பொது.

இறந்துபோனவர்களை வரைந்து தருவீர்களா?

தருவேன், தயங்கித் தயங்கித்தான். குடும்பத்தார் எப்போதும் நன்றாக வந்த போட்டோவைக் கொண்டுவருவார்கள். நான் மோசமான போட்டோக்களைக் கேட்பேன். அசைந்ததால் மங்கிப்போனது, பாதி முகம் வெட்டுப்பட்டது, யாரையோ கூப்பிட்டுக்கொண்டே திரும்பியது. அப்புறம் குடும்பத்தில் இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியாகப் பேசுவேன். ஒரே ஆளைப் பற்றி மூன்று விதமாகச் சொல்வார்கள். மூவரும் ஒத்துச் சொல்வது பெரும்பாலும் ஒரு சின்ன விஷயமாக இருக்கும், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுவார் என்கிற மாதிரி. அதைப் பிடித்துக்கொள்வேன்.

இந்த வேலைக்கு ரொம்பப் பழைய முன்னோர்கள் இருக்கிறார்கள். எகிப்தின் ஃபையூம் பகுதியில் கி.பி. முதல் நூற்றாண்டு தொடங்கி மூன்றாம் நூற்றாண்டு வரை மரப்பலகையில், பெரும்பாலும் மெழுகில் நிறம் குழைத்து முகங்களை வரைந்து, பதப்படுத்திய உடலின் முகத்துக்கு மேலே வைத்துக் கட்டினார்கள். சுமார் 900 படங்கள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் வரைந்தவர் பெயரும் தெரியாது, படத்தில் இருப்பவர் பெயரும் தெரியாது. பெரிய பெரிய கண்களோடு நேராக நம்மைப் பார்க்கிறார்கள். வரைவதில் சலிப்பு வரும்போது நான் புரட்டிப் பார்க்கிறவை இவைதான்.

உங்களையே வரைந்திருக்கிறீர்களா?

ஆள் கிடைக்காத நாளில் கண்ணாடி இருக்கிறது. நான் என்னிடமே போஸ் கொடுப்பதை நிறுத்த முடியவில்லை, அதனால் வெளியே காட்டுவதில்லை. அந்த விஷயத்தில் மெக்ஸிகோ ஓவியர் ஃப்ரீடா காலோவைக் கண்டால் பொறாமை. 1925-ல் பேருந்து விபத்தில் முதுகெலும்பு நொறுங்கி, படுக்கையிலேயே வரையத் தொடங்கியவர். அவர் வரைந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அவர் முகம்தான். 1944-ல் வரைந்த "உடைந்த தூண்" படத்தில் உடம்பு பிளந்து, முதுகெலும்பு இருக்க வேண்டிய இடத்தில் விரிசல் விட்ட கல்தூண் நிற்கிறது. உடம்பெங்கும் ஆணி, கன்னத்தில் கண்ணீர். ஆனால் முகத் தசை ஒன்றுகூடக் கோணவில்லை. வலியை முகத்தில் வைக்காமல் மற்ற எல்லா இடத்திலும் வைத்தார் பாருங்கள், அங்கேதான் அந்தப் படம் என்னை மடக்குகிறது.

கணினியே நொடியில் படம் வரைந்து தருகிற காலத்தில் இதெல்லாம் எதற்கு?

தரட்டும். எனக்கு வேண்டியது எதிரே ஒரு ஆள் உட்கார்ந்திருக்கும் அந்த இரண்டு மணி நேரம். படம் அதில் மிஞ்சுவது.

நான் உட்கார வந்தால் எப்படித் தயாராக வேண்டும்?

புதுத் துணி வேண்டாம். பலமுறை துவைத்து உங்கள் உடம்பின் வடிவத்துக்கு வந்துவிட்ட சட்டையோ புடவையோ போட்டுக்கொண்டு வாருங்கள். நெருக்கமாகக் கோடு போட்ட துணியைத் தவிர்த்தால் எனக்கு உதவி. இருபது நிமிஷத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்கலாம், பேசலாம், தூங்கிவிட்டாலும் பரவாயில்லை. கூட யாரையாவது அழைத்துவந்தால் அவரை வெளியே உட்காரச் சொல்வேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. தெரிந்தவர் அறையில் இருந்தால் அந்த முதல் முகம் இறங்கவே இறங்காது. முடி வெட்டிக்கொள்வதென்றால் ஒரு வாரம் முன்பே வெட்டிக்கொள்ளுங்கள். நேற்று வெட்டிய தலையோடு வந்தால் எல்லோரும் வேறு யாரோ மாதிரி இருக்கிறார்கள்.